ஏழு வயதுப் பையனுக்குக் காபி: எலும்பு வளராதா?

கேள்வி (9 ஜூன் 2024, காலை 7.15)

எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையன். காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, ரெண்டு வேளையும் காபி வேண்டும். என் மாமியார் ஊற்றிக் கொடுத்துப் பழக்கிவிட்டார். நேற்று குடும்ப குரூப்பில் ஒரு செய்தி வந்தது: "காஃபின் குட்டி எலிகளின் எலும்பு வளர்ச்சியைத் தடுக்கிறது, விஞ்ஞானிகள் நிரூபணம்." அதிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. உண்மையா, புருடாவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (9 ஜூன் 2024, காலை 8.02)

உண்மைதான். ஆனால் உங்கள் பையன் எலி இல்லை. கடை திறக்கணும், ராத்திரி வருகிறேன்.

9 ஜூன், இரவு 10.30

கடையை மூடியாச்சு. (மெடிக்கல் ஷாப். படித்தது பார்மசி.)

குரூப்பில் வந்தது எந்த ஆய்வு என்று ஊகிக்க முடிகிறது. தென் கொரியாவின் ஹன்யாங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2017-ல் வெளியிட்டது. இன்னும் பருவத்துக்கு வராத ஆண் எலிகளுக்கு நான்கு வாரம் தினமும் காஃபின் கொடுத்தார்கள். கிலோவுக்கு 120 மில்லிகிராம் ஒரு கூட்டத்துக்கு, 180 இன்னொரு கூட்டத்துக்கு. காஃபின் கொடுக்காத எலிகளைவிட இவற்றுக்கு எடை கூடியது குறைவு, கால் எலும்புகளும் நீளம் குறைவு.

நீள எலும்பின் இரண்டு முனையிலும் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. அது எலும்பு இல்லை, குருத்தெலும்பு. அதிலுள்ள செல்கள் நாணயம் அடுக்கியது போல வரிசையாக நின்று, பெருகி, பருத்து, கடைசியில் எலும்புக்கு இடம் விட்டு மடியும். உயரம் கூடுவது இப்படித்தான். இந்தச் செல்கள் முதிர்வதிலேயே காஃபின் நேரடியாகக் கை வைக்கிறது என்பது கொரியர்களின் முடிவு. ஆகவே புருடா இல்லை.

இனி 120 மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று பார்க்கணும். அது நாளைக்கு.

10 ஜூன், காலை 6.50

கணக்குக்கு முன்னால் ஒரு கதை. படிக்கும் காலத்தில் கல்லூரி அனிமல் ஹவுஸில் எலிகளுக்குத் தீனி வைத்து எடை போடும் வேலை பார்த்தேன். மாதம் கொஞ்சம் காசு வரும், பதிலுக்கு உடம்பெல்லாம் மரத்தூளும் எலி மூத்திரமுமாக வாடை. பேருந்தில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும், அது ஒரு வசதி.

சீனியர் ஒருவர் காஃபினைக் குடிதண்ணீரில் கலந்து வைத்தார். காஃபின் கசக்கும். எலி மூக்கு வரும், பாட்டில் குழாயை ஒரு நக்கு நக்கும், மீசையைத் துடைத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடும். சாயங்காலம் பார்த்தால் மற்ற கூண்டுகளில் சாதாத் தண்ணீர் பாட்டில் பாதி காலி, இங்கே காஃபின் பாட்டில் அப்படியே. தண்ணீர் குடிக்காத எலி தீனியும் தின்னாது. தராசில் பிளாஸ்டிக் வாளியை வைத்து அதற்குள் எலியை விட்டு எடை பார்ப்போம். வாரா வாரம் காஃபின் எலிகள் பின்தங்கிக்கொண்டே போயின. அப்புறம் நுனி உருண்டையான ஊசியை வாய் வழியே விட்டு நேரே வயிற்றுக்குள் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதும் அவை சரியாகத் தின்னவில்லை.

காஃபின் பசியைக் கெடுக்கும். வளரும் குட்டி பட்டினி கிடந்தாலே எலும்பு குட்டையாகும். அதனால் இந்த மாதிரிச் சோதனைகளில் மூன்றாவதாக ஒரு கூட்டம் வேண்டும்: காஃபின் கிடையாது, ஆனால் காஃபின் எலிகள் தின்ற அளவு தீனிதான் கிடைக்கும். அந்தக் கூட்டம் இல்லாமல் வரும் முடிவை நான் பாதிதான் நம்புவேன். சீனியரின் சோதனையில் அது இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். சீனியர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

10 ஜூன், பிற்பகல் 3.20

கடையில் கூட்டம் இல்லை. கணக்கு.

எலி சின்ன உடம்பு, எல்லாம் வேகம். நமக்கு ரத்தத்தில் காஃபின் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். எலிக்கு ஒரு மணி நேரம் போதும். எலியின் டோஸை மனிதனுக்கு மாற்ற, எடைக்குத் தோல் பரப்பு எவ்வளவு என்ற கணக்கில், 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 120-ஐ வகுத்தால் கிலோவுக்கு 19 சொச்சம். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 1,160 மில்லிகிராம். நன்றாகக் கனமான காபியில் கப்புக்கு 100 என்று வைத்தால் பதினொன்று, பன்னிரண்டு கப், தினமும்.

பையன் 22 கிலோ இருப்பானா? அவனுக்கு 426 மில்லிகிராம்.

10 ஜூன், இரவு 11.05

மதியம் போட்ட கடைசி வரி தப்பு. 6.2 பெரியவர்களுக்கான எண். குழந்தைக்கு எடையை ஒப்பிடத் தோல் பரப்பு அதிகம், அதனால் வகுக்கும் எண் சிறியது, கிட்டத்தட்ட 4.2. அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 29, பையனுக்கு நாளைக்கு 630 மில்லிகிராம் சொச்சம். எலிக் குட்டிக்கு நேர்ந்தது உங்கள் பையனுக்கு நேர வேண்டுமானால் மாமியார் குடத்தில் ஊற்ற வேண்டியிருக்கும்.

மேலே ஒருவர் "எலிக்கும் நமக்கும் எலும்பு ஒன்றுதானே" என்றிருக்கிறார். ஒன்று இல்லை. நமக்கு விடலைப் பருவம் முடியும்போது வளர்ச்சித் தட்டு மூடிவிடும். எலிக்குப் பருவம் வந்த பிறகும் அது முழுதாக மூடுவதில்லை. நம் எலும்பு வளரப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அதன் எலும்பு ஓடுவது சில மாத ஓட்டம். அந்தச் சில மாதத்தில் நாலு வாரம் என்பது நம் கணக்கில் வருடக்கணக்கு. எனவே டோஸை வைத்து நான் அடித்த கிண்டலில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

11 ஜூன், காலை 7.30

"காபி கால்சியத்தை மூத்திரத்தில் இழுத்துக்கொண்டு போகும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். குடித்த சில மணி நேரத்துக்குப் போகும், நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசமில்லை. எலும்புக்கு எவ்வளவு நஷ்டம் என்று அமெரிக்காவில் ஒமாஹாவிலுள்ள கிரைட்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹீனி வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார். 2002-ல் அதுவரை வந்ததையெல்லாம் திரட்டி எழுதினார்: காஃபினால் குடலில் கால்சியம் ஏறுவது குறைகிறது, ஆனால் மிகக் கொஞ்சம். ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் சேர்த்தால் சரிக்கட்டிவிடும்.

ஒன்றிரண்டு மேசைக்கரண்டி! அவர் பாலில்லாக் காபி குடிக்கிறவர்களுக்காக எழுதினார். கும்பகோணம் டிகிரி காபிக்காரன் கடன் வாங்கும்போதே வட்டியோடு அடைத்துவிடுகிறான்.

11 ஜூன், காலை 7.41

டிகிரி காபி என்றதும் உரலில் இடித்த பொடி, பித்தளை டபரா என்று இழை வேறு பக்கம் ஓடுகிறது. ஓடட்டும். ஆனால் சிக்கரியில் காஃபின் கிடையாது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

12 ஜூன், இரவு 11.40

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் அக்கா மகள் 29 வாரத்திலேயே பிறந்தாள். 1,100 கிராம். அத்தனை சீக்கிரம் பிறந்த குழந்தைகள் தூங்கும்போது மூச்சு விட மறந்துவிடும். இருபது நொடி, சில நேரம் அதற்கும் மேல் மூச்சு நிற்கும், மானிட்டர் அலறும், நர்ஸ் வந்து பாதத்தைச் சுண்டுவார். மூச்சை ஞாபகப்படுத்தக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? காஃபின். கேஸ் ஷீட்டில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு வெளியே வந்து அம்மாச்சியிடம் சொன்னேன். "பச்சப் புள்ளைக்குக் காப்பியா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?" என்று ஆஸ்பத்திரி வராந்தா அதிரக் கத்தினாள். எங்களைச் சின்ன வயதில் காபி கேட்டால் "குடிச்சா கறுத்துப்போவ" என்று விரட்டியவள் அவள்.

டோஸ்: முதல் நாள் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அது 1,200 மில்லிகிராம், கொரிய எலி அளவு! பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்குக் காஃபினை உடைக்கத் தெரியாது. பாதியாகக் குறைய 100 மணி நேரம் வரை ஆகும். நமக்கு 5 மணி, அவளுக்கு நாலு நாள்.

இனி எலும்பு. தாய் வயிற்றில் குழந்தையின் எலும்பில் சேரும் கால்சியத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. 29 வாரத்தில் பிறந்தவள் அதில் பெரும்பங்கை இழந்தே வந்தாள். நுரையீரலுக்காக நீர்ப் போக்கி (சிறுநீரைக் கூட்டும் மருந்து), சில குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு, அதன்மேல் காஃபின், எல்லாமே கால்சியத்தைக் கரைக்கிற கூட்டம். அதனால்தான் வாரா வாரம் குதிகாலில் குத்தி ரத்தத்தில் பாஸ்பரசும், எலும்பு பலவீனமானால் ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் பார்த்தார்கள். தாய்ப்பாலில் கலக்கக் கால்சியம், பாஸ்பரஸ் பொடி கொடுத்தார்கள். குட்டி விலங்கின் எலும்பும் காஃபினும் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு எலி அப்புறம்தான். முதலில் ஞாபகம் வருவது அந்த விரல் மொத்தத் தொடை.

13 ஜூன், காலை 6.15

நேற்று எழுதியதில் தப்பு என்று ஒரு டாக்டர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வது சரி, எனக்கு வெட்கமாக இருக்கிறது, பார்மசி படித்தவன் செய்யக் கூடாத தப்பு. கொடுப்பது காஃபின் சிட்ரேட். அதில் பாதி எடைதான் காஃபின், மீதி சிட்ரிக் அமிலம். கிலோவுக்கு 20 என்றால் காஃபின் 10. பெரிய ஆள் கணக்கில் 600 மில்லிகிராம், 1,200 இல்லை. அதன் பிறகு தினமும் கொடுக்கும் டோஸ் இன்னும் குறைவு. ஆக, கொரிய எலி அளவில் பாதி. பாதி வெளியேறவே நாலு நாள் ஆவதால் உடம்பில் தேங்குவது மட்டும் நான் பயந்தபடியே.

13 ஜூன், இரவு 10.10

அக்கா மகள் கதையின் மிச்சத்தைக் கேட்கிறீர்கள். அது ஒரு குழந்தை. பல குழந்தைகளின் கதை இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

குறைமாதக் குழந்தைகளுக்குக் காஃபின் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று பல நாடுகளில் சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பார்பரா ஷ்மிட் தலைமை. பிறந்த எடை 500 முதல் 1,250 கிராம் வரை இருந்த 2,006 குழந்தைகள். முதல் முடிவு வந்த வருடமும் 2006, மறக்கவே முடியாது. பாதிப் பேருக்குக் காஃபின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். முதல் மூன்று வாரம் காஃபின் குழந்தைகளுக்கு எடை கூடியது குறைவு. என் வாளித் தராசு எலிகள் போலவே! நாலாவது வாரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நாள்பட்ட நுரையீரல் நோய் 46.9 சதவீதத்திலிருந்து 36.3-க்கு இறங்கியது. ஒன்றரை வயது தாண்டி மறுபடி அளந்தபோது உயரம், எடை, தலைச் சுற்றளவு மூன்றிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை.

கிலோவுக்கு எவ்வளவு, எவ்வளவு நாள் தேங்குகிறது என்று பார்த்தால், மனிதக் குட்டிகளில் யாரும் இவர்களைப் போலக் காஃபினில் ஊறியதில்லை. அவர்கள் உயரம் குறையவில்லை. குரூப்பில் சுற்றும் செய்திக்கு என்னிடமுள்ள பெரிய பதில் இதுதான். அக்கா மகள் இப்போது வகுப்பில் பின் வரிசை, உயரத்தால்.

14 ஜூன், காலை 8.20

நாய்க்குட்டிக்கு மிச்சம் டீ ஊற்றுபவருக்கு: வேண்டாம். நாய்க்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே படபடப்பு வந்துவிடும். ரெண்டு வாய் பால் டீயில் அந்த அளவு வராது, ஆனால் குட்டி காபிப்பொடி பாக்கெட்டைக் கடித்துவிட்டால் வரும். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வீட்டில் கை வைத்தியம் பார்க்காதீர்கள்.

அதைவிட, உங்கள் லேப்ரடார் குட்டிக்கு "எலும்பு பலப்பட" கால்சியம் டானிக் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தை அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு கோணிக்கொண்டது. பெரிய இனக் குட்டிகளுக்கு முதல் சில மாதம் வேண்டாத கால்சியத்தைக் குடலில் தடுத்து நிறுத்தத் தெரியாது. அந்த டானிக்கை நானே மாதம் பத்து பாட்டில் விற்கிறேன், அதனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

15 ஜூன், இரவு 9.45

பிள்ளைகளை நேரடியாகப் பார்த்த ஆய்வு உண்டா? உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் டாம் லாய்டும் கூட்டாளிகளும் சிறுமிகளை 12 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து அளந்து 1998-ல் எழுதினார்கள். காஃபினுக்கும் எலும்பு சேர்வதற்கும் சம்பந்தம் தென்படவில்லை. அந்தப் பெண்கள் குடித்த காஃபினும் கொஞ்சம்தான், ஆகவே அது பீப்பாய்க் கணக்கில் குடிப்பவர்களுக்கான சான்று இல்லை.

கோலாவைக் காபியோடு சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊர்க்காரர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வில், 2006-ல் வந்தது, கோலா குடிக்கும் பெண்களுக்கு இடுப்பு எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது, ஆண்களுக்கு அப்படி இல்லை. கோலாவில் காஃபின் மட்டுமில்லை, பாஸ்பாரிக் அமிலமும் இருக்கிறது.

எனர்ஜி ட்ரிங்க்? இந்தியாவில் லிட்டருக்கு 145-லிருந்து 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம் என்பது விதி. 250 மில்லி கேனில் 75 வரை வரும். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே போடணும். எறும்பு அளவு எழுத்தில் போடுகிறார்கள். டியூஷன் பையன்கள் கடைக்கு வந்து ஜில்லுன்னு இருக்கா என்றுதான் கேட்கிறார்கள்.

16 ஜூன், காலை 10.30

ஞாயிறு. கேள்வி கேட்டவர் இத்தனை நாள் கழித்து எழுதியிருக்கிறார்: "சின்ன டம்ளர்தான், பால்தான் அதிகம்." இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

சரி, எங்கள் வீட்டில் அளந்து பார்த்தேன். சிரப் பாட்டில் மூடி, கோடு போட்டது, எங்களிடம் நூறு கிடக்கும். ஃபில்டரில் 20 கிராம் பொடி, 70 பங்கு காபி, 30 சிக்கரி. காபி மட்டும் 14 கிராம். அராபிகாவில் காஃபின் 1.2 சதவீதம் போல, ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட இரட்டை. நடுவில் 1.5 என்று வைத்தால் 210 மில்லிகிராம். பெரும்பகுதி இறங்கிவிடும். டிகாஷன் 120 மில்லி கிடைத்தது. மில்லிக்கு 1.7 போல. பையன் டம்ளருக்கு ஒரு மூடி, 15 மில்லி. ஆக 26 மில்லிகிராம். ரெண்டு வேளைக்கு 52.

கனடாவில் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று வரம்பு. 22 கிலோவுக்கு 55. ஐரோப்பாவில் 3, அதாவது 66. உள்ளே இருக்கிறான், ஆனால் விளிம்பில். அந்த வரம்புகளும் எலும்பை வைத்து வந்தவை அல்ல. கனடாக்காரர்கள் பார்த்தது பிள்ளைகளின் படபடப்பையும் நடத்தையையும். நானும் சாயங்கால டம்ளரை நிறுத்தச் சொல்வேன், காரணம் தூக்கம். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. காபியால் உயரம் குறையும் என்று யாராவது நிரூபித்தாலும் வழி அதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

16 ஜூன், மாலை 5.50

மதியம் படுத்தபடி யோசித்தேன். சீனியரின் எலிகளை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். நான் அவற்றைக் கெட்டுப்போன சோதனை என்று எழுதினேன். ஆனால் நம் ஊரில் நடப்பது அதுதானே? காலையில் ஒரு வரக்காப்பி, ரெண்டு பொறை, பிள்ளை பள்ளிக்குப் போய்விடுகிறது. காபி பசியைத் தின்றுவிடுகிறது. சோதனைக்கூடத்தில் அது பிழை, வீட்டில் அதுதான் நோய். 2022-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெரு டீச்சர் சொன்னார், முன்பெல்லாம் பத்து மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைக் கேட்டால் "டீ குடிச்சேன் மிஸ்" என்பார்களாம்.

ஆகவே கேள்வி கேட்டவரே, டம்ளரை விடுங்கள். பையன் காலையில் காபிக்குப் பிறகு என்ன சாப்பிடுகிறான்? ஏழு முதல் ஒன்பது வயதுக்கு நாளைக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.). 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் இருக்கிறது.

16 ஜூன், மாலை 6.05

ஒன்று விட்டுப்போச்சு. கடந்த மாதம் வந்த ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று இருக்கிறது. அது அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால். எலும்போடு முடிச்சுப் போட்டு இன்னொரு ஃபார்வர்டு கிளப்பிவிடாதீர்கள்.

22 ஜூன், இரவு 9.20

கேள்வி கேட்டவரின் செய்தி: சாயங்கால காபி நின்றுவிட்டது. மாமியாரே கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுகிறாராம். ஆனால் அதில் ரெண்டு சொட்டு டிகாஷன் விட்டால்தான் பையன் வாயில் வைக்கிறானாம். விடலாமா என்கிறார்.

ரெண்டு சொட்டு என்றால் 0.1 மில்லி. கால் மில்லிகிராம்கூட வராது. விடுங்கள்.